ஒரே பெயின்ட், இரண்டு சம்பளம்

அமெரிக்காவில் உங்கள் விமானத்தை ஓட்டுகிறவர் யார் என்று அறிய விமானத்தைப் பார்த்துப் பயனில்லை. வாலில் டெல்டா சின்னம். டிக்கெட்டில் டெல்டா பெயர். காபியோடு நீட்டும் காகிதக் கைத்துடைப்பானில்கூட டெல்டா. ஓட்டுகிறவர் மட்டும் டெல்டா ஊழியர் இல்லை. அந்த உண்மை டிக்கெட்டின் அடியில், பொடி எழுத்தில், ஒற்றை வரியாகப் பதுங்கியிருக்கிறது: 'இயக்குபவர் இன்னார்.' யுனைடெட், அமெரிக்கன் எல்லாவற்றிலும் இதே கதைதான். 2010-களில் அந்த நாட்டில் தினமும் புறப்பட்ட பயணிகள் விமானங்களில் ஏறத்தாழப் பாதி இந்த ரகம்.

சென்னையிலிருந்து ஏதோ ஒரு பல்கலைக்கழக ஊருக்கு மகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இதில் ஏறியிருப்பார்கள். கடல் தாண்டப் பெரிய விமானம். கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தலை இடிக்கும் சின்ன ஜெட். அதே பெயின்ட், அதே சின்னம், அதே 'எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்' அறிவிப்பு. குடும்பம்தான். சம்பளப் பட்டியல் மட்டும் வேறு.

பெரிய நிறுவனத்துக்கு அங்கே 'மெயின்லைன்' என்று பெயர். சின்னதுக்கு 'ரீஜனல்'. இவர்களுக்குள் உள்ள ஒப்பந்தத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்வது மெயின்லைன். கட்டணம் வைப்பது மெயின்லைன். டிக்கெட் விற்பது மெயின்லைன். பெரும்பாலும் எரிபொருள் செலவும் மெயின்லைன் தலையில். ரீஜனலுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. விமானம் நிரம்பினாலும் அதே கூலி, காலியாகப் பறந்தாலும் அதே கூலி. சில ஆண்டுகளில் ஒப்பந்தம் முடியும். அப்போது யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு அடுத்த ஒப்பந்தம்.

குறைவாகக் கேட்பது எப்படி? கட்டணம் கையில் இல்லை. எரிபொருள் கையில் இல்லை. வழித்தடம் கையில் இல்லை. மிஞ்சியிருப்பது ஆட்களின் சம்பளம். ஆகவே அமெரிக்க ரீஜனல் தொழிலின் போட்டித்திறன் என்று மேலாண்மைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்களே, அதன் முழுப்பொருள் இதுதான்: யார் தன் விமானிக்குக் குறைவாகக் கொடுக்கிறார்?

எவ்வளவு குறைவு? 2000-களில் புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு மணிக்கு இருபது டாலர் சொச்சம். பரவாயில்லையே என்று தோன்றும். மணி எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேளுங்கள். விமானம் நகரத் தொடங்கும்போது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பனிக்காற்றில் டார்ச் அடித்து, இறக்கையில் பனி ஒட்டியிருக்கிறதா என்று விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிறாரே, அதற்குத் தனிக்கூலி கிடையாது. வானிலை சரியில்லை என்று மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தால் அதற்கும் பூஜ்யம். ஒரு நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கி, மாதத்துக்கு எழுபது, எண்பது மணி நேரம் சேர்ந்தால் பெரிய காரியம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு அங்கே இங்கே. பயிற்சிக்கு வாங்கிய கடன் அதைப்போலப் பல மடங்கு. அதே பெயின்ட் அடித்த பெரிய விமானத்தின் மூத்த கேப்டன் அப்போது வாங்கியதில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் கோபம்தான் வரும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. விமானிக்கு ஆண்டு கூடக் கூடச் சம்பளம் கூடும். அனுபவசாலிகள் நிறைந்த ரீஜனல், விலை கூடிய ரீஜனல். உடனே மெயின்லைன் புதுப் பையன்கள் நிறைந்த வேறொரு கம்பெனிக்கு விமானங்களை மாற்றிவிடும். பழைய கம்பெனி தேயும், மூடும். அதன் கேப்டன் அடுத்த கம்பெனியில் சேர்ந்தால் சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசி ஆள். நேற்று கேப்டன், இன்று மறுபடி மணிக்கு இருபது டாலர். உலகத்தில் எல்லாத் தொழிலிலும் அனுபவம் சொத்து. இதில் அனுபவம் குற்றம்.

சரி, யூனியன் என்ன செய்துகொண்டிருந்தது? கேட்காமல் இருப்பீர்களா.

1931-ல் தொடங்கிய விமானிகள் சங்கம் ஆல்பா. மதிப்புக்குரிய சங்கம்தான். பாதுகாப்புக்காக அது போராடிப் பெற்றவை ஏராளம். ஆனால் சின்ன விமானங்கள் விஷயத்தில் மெயின்லைன் விமானிகளுக்கு ஒரு காலத்தில் மூக்கு மேலே இருந்தது. காற்றாடி வைத்த இருபது, முப்பது இருக்கை விமானத்தை நாங்கள் ஓட்டுவதா? வேறு யாராவது ஓட்டட்டும். ஓட்டினார்கள். 1993-ல் காம்ஏர் என்ற ரீஜனல், பம்பார்டியர் நிறுவனத்தின் ஐம்பது இருக்கை ஜெட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. ஜெட் என்றதும் மூக்கு கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் நாற்காலி காலியில்லை.

1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முக்கியப் பிரச்சினை, புதிய சின்ன ஜெட்டுகளை ஓட்டப்போவது நாங்களா, துணை நிறுவனமான ஈகிள் விமானிகளா என்பது. நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் தலையிட்டு நிறுத்திவிட்டார். அதற்கு அதிகாரம் கொடுத்த சட்டம் 1926-ல் ரயில்வேக்காக எழுதியது. 1936-ல் விமானத்தையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நீராவி இன்ஜின் காலத்துச் சட்டம் ஜெட் விமானியின் வாயை இன்றும் மூடுகிறது. முடிவில் ஜெட்டுகள் ஈகிளுக்கே போயின. மெயின்லைன் விமானிகளுக்குக் கிடைத்தது வரம்பு.

அந்த வரம்புக்குத் தொழிலில் 'ஸ்கோப்' என்று பெயர். மெயின்லைன் யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கும் பிரிவு அது. வெளியாளுக்குக் கொடுக்கும் விமானத்தில் இத்தனை இருக்கைக்கு மேல் கூடாது, இத்தனை எடைக்கு மேல் கூடாது, இத்தனை விமானத்துக்கு மேல் கூடாது. இன்று மூன்று பெரிய நிறுவனங்களிலும் உச்சவரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39,000 கிலோ. நம் வேலையை வெளியே விற்காதே என்று தொழிலாளி கேட்பது நியாயம். யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவை இன்னொரு முறை படியுங்கள். 'வெளியே கொடுக்காதே' என்று அது சொல்லவில்லை. 'இவ்வளவு வரை கொடு' என்கிறது. எழுபத்தாறாவது இருக்கை வரை தொழிலாளர் ஒற்றுமை விற்பனைக்கு. எழுபத்தேழாவது இருக்கையில் கொள்கை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதில் பெரிய கூத்து, அப்போது டெல்டா விமானிக்கும் ஆல்பாதான் சங்கம், டெல்டாவுக்காகப் பறந்த காம்ஏரின் விமானிக்கும் ஆல்பாதான் சங்கம். இவர் சந்தாவும் அங்கே, அவர் சந்தாவும் அங்கே. டெல்டா விமானி சார்பாக மேசையில் உட்கார்ந்து 'காம்ஏர் வளரக் கூடாது' என்று கையெழுத்து வாங்கியது அந்தச் சங்கம். பக்கத்து அறையில் காம்ஏர் விமானியிடம் 'உன் வளர்ச்சிக்கு நாங்கள் பாடுபடுகிறோம்' என்றதும் அதே சங்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரீஜனல் விமானிகள் சிலர் 2000-களின் தொடக்கத்தில் தனியாகக் கூட்டணி அமைத்து, தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். எங்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதிராகப் பேரம் பேசுகிறாய் என்றார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சமரசத்தில் முடிந்தது. ஸ்கோப் அப்படியே இருந்தது.

காம்ஏர் விமானிகள் 2001 மார்ச் 26-ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 89 நாள் நின்றார்கள். சின்ன ஜெட் ஓட்டினாலும் நாங்களும் விமானிகள்தான் என்று ஊர் கேட்கச் சொன்னார்கள். சம்பளம் கூடியது. வெற்றி விழா முடிந்த பிறகு விலைச்சீட்டு வந்தது. காம்ஏர் இப்போது விலை கூடிய ரீஜனல். அதன் உரிமையாளரே டெல்டாதான், வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன்தான் கோடிக்கணக்கில் கொட்டி முழுதாக வாங்கியிருந்தது. வாங்கியவர் கையாலேயே அது படிப்படியாகச் சிறுத்தது. 2012 செப்டம்பரில் கதவை மூடினார்கள். மற்ற ரீஜனல்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் எடுத்திருக்க முடியாது.

நடுவில் திவால் காலம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத் தொழில் சரிந்தது உண்மை. யுனைடெட் 2002-ல், யுஎஸ் ஏர்வேஸ் 2002-லும் மறுபடி 2004-லும், டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005-ல் ஒரே நாளில் நீதிமன்றப் படியேறின. திவால் நீதிமன்றம் தொழிலாளர் ஒப்பந்தத்தைக் கிழிக்க வசதியான இடம். ஸ்கோப் வரம்புகள் தளர்ந்தன, வெளியே போகும் ஜெட்டுகள் பெருகின. 2005-ல் யுனைடெட் தன் ஊழியர்களின் பென்ஷன் பொறுப்பைத் தூக்கி அரசுக் காப்புறுதி அமைப்பின் தலையில் வைத்துவிட்டுப் போனது. யுஎஸ் ஏர்வேஸில் வேலை இழந்த மெயின்லைன் விமானிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ரீஜனலுக்குப் புதிய ஜெட் வேண்டுமா? அதில் பாதி விமானி நாற்காலிகளை வேலை இழந்த மெயின்லைன் ஆட்களுக்குக் கொடு. ஆக, பல ஆண்டு காத்திருந்த ரீஜனல் துணை விமானியின் பதவி உயர்வை மேலிருந்து விழுந்தவர் எடுத்துக்கொண்டார். விழுந்தவரோ பழைய சம்பளத்தில் ஒரு துண்டு வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு ஒரே காக்பிட்டில் உட்கார்ந்தார்கள். தள்ளிவிட்டவர் தலைமையகத்தில் போனஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறைத்துக்கொள்ள வைப்பதற்கென்றே ஒரு கலை உண்டு. அமெரிக்கன் குழுமத்துக்கு மூன்று சொந்த ரீஜனல்கள்: என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட். என்வாய் என்பது பழைய ஈகிள்தான், 2014-ல் பெயரை மாற்றிக்கொண்டது. மூன்றும் ஒரே முதலாளியின் பிள்ளைகள். மூன்றிலும் ஆல்பாதான் சங்கம். 2013-ல் பிஎஸ்ஏ விமானிகள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள், புதிய ஜெட்டுகள் அவர்களுக்கு வந்தன. 2014-ல் என்வாய் விமானிகளிடம் அதே விட்டுக்கொடுப்பைக் கேட்டார்கள். முடியாது என்று வாக்களித்தார்கள். அப்படியானால் புதிய விமானங்கள் வேறு இடத்துக்குப் போகும் என்று நிர்வாகம் அறிவித்தது. பிறகு என்வாயும் வழிக்கு வந்தது, விமானமும் வந்தது. மூன்று பிள்ளைகளில் யார் குறைவாகச் சாப்பிடுகிறானோ அவனுக்குத்தான் தட்டு என்று சொல்லும் தகப்பனை ஊரில் என்ன சொல்வார்கள்? அங்கே அவருக்கு 'சிறந்த செலவு மேலாண்மை' என்று பெயர். அந்த 2014-ல் அமெரிக்கன் குழுமத்தின் நிகர லாபம் சுமார் 290 கோடி டாலர். பட்டினி கிடந்த தகப்பன் இல்லை.

மெயின்லைன் அமெரிக்கன் விமானிகள் இதைப் பார்த்துக் கொதித்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் 1963-லேயே ஆல்பாவை விட்டு விலகித் தனிச் சங்கம் வைத்துக்கொண்டவர்கள். இது வேறு வீட்டுச் சண்டை.

இனி வருவதில் சிரிக்க எதுவும் இல்லை.

2009 ஜனவரி 15-ல் யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் சல்லன்பெர்கர். நாடே கொண்டாடியது. அடுத்த மாதம் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து பேசினார். வீரத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதைச் சொன்னார். பென்ஷன் போனதைச் சொன்னார். தனக்குத் தெரிந்த விமானிகளில் ஒருவர்கூடத் தம் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பவில்லை என்றார். கைதட்டியவர்கள் அந்தப் பகுதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அவர் பேசுவதற்குள் இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்கு ஒரு விமானம். டிக்கெட்டில் கான்டினென்டல் பெயர், விமானத்தில் கான்டினென்டல் பெயின்ட். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ரீஜனல். இறங்கும் நேரத்தில் விமானம் வேகம் இழந்தது. எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார். ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேர், வீட்டில் இருந்த ஒருவர், ஆக 50 உயிர்.

விசாரணையில் கேப்டனின் தவறுதான் முதன்மைக் காரணம் என்று பதிவானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விசாரணையில் மற்றதும் வெளியே வந்தது. கேப்டன் முந்தைய தேர்வுகள் சிலவற்றில் தவறியவர். துணை விமானி சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தார். வேலை செய்யும் இடமோ நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூவர்க். முதல் நாள் இரவு சரக்கு விமானத்தில் தொற்றி, மெம்ஃபிஸில் மாறி, காலையில் வந்து சேர்ந்தார். உடம்புக்கும் முடியவில்லை. நியூவர்க்கில் அறை எடுத்துத் தங்கலாமே என்று கேட்பவர்களுக்கு, அவர் ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் சொச்சம் என்று நிறுவனம் சொன்னது. கேட்டவர்கள் அதிர்ந்ததும் கணக்கைத் திருத்தி 24,000-க்கு அருகில் என்றது. ஐம்பது பேர் செத்த பிறகு அவமானத்தைத் துடைக்க அந்த நிறுவனத்திடம் இருந்தது எட்டாயிரம் டாலர் வித்தியாசம்.

பெயின்ட் கொடுத்தவருக்கு என்ன பங்கு? டிக்கெட் விற்றது நாங்கள், ஓட்டியது அவர்கள். பாதுகாப்பு ஓட்டியவர் பொறுப்பு, மேற்பார்வை அரசுத் துறை பொறுப்பு. மெயின்லைன்களின் வழக்கமான பதில் இது. விளம்பரத்தில் ஒரே குடும்பம். விசாரணையில் யாரோ எவரோ.

செத்தவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. சிவப்பு உடை அணிந்து, படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, வாஷிங்டனில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2010-ல் சட்டம் வந்தது. டிக்கெட் விற்கும் இணையதளத்தில் இயக்குபவர் பெயரை முதலிலேயே காட்ட வேண்டும். விமானியின் ஓய்வு விதிகளை மாற்றி எழுத வேண்டும். துணை விமானிக்கும் முழு உரிமம் வேண்டும், பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதுவரை 250 மணி நேரத்திலேயே வலப்பக்க நாற்காலியில் உட்காரலாம். ஓய்வு விதிகள் 2014-ல் நடைமுறைக்கு வந்தபோது சரக்கு விமானிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் சரக்கு சிவப்பு உடை போட்டு ஊர்வலம் வராதல்லவா.

ரீஜனல் நிறுவனங்கள் உடனே ஒரு வாதம் கண்டுபிடித்தன. கோல்கன் விமானிகள் இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்தானே, இந்தச் சட்டத்தால் என்ன பயன்? தகவல் சரி. அதிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவைப் பாருங்கள். அனுபவம் இருந்தும் விழுந்தது என்றால் பயிற்சியைக் கூட்டலாம், தூங்க இடம் கொடுக்கலாம், சம்பளம் கொடுக்கலாம். அவர்கள் கேட்டது, அனுபவத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதி.

சட்டத்தின் உண்மையான பலன் வேறு பக்கம் தெரிந்தது. இருபதாயிரம் டாலருக்கு வரிசையில் நிற்க ஆள் குறைந்தது. அப்போதும் உடனே சம்பளம் கூடவில்லை. முதலில் 'விமானி பற்றாக்குறை' என்ற அழுகை வந்தது. 2016-ல் ரிபப்ளிக் என்ற ரீஜனல் அதையும் ஒரு காரணமாகச் சொல்லித் திவால் மனு போட்டது. பிறகு பெருந்தொற்று. ஊழியர் சம்பளத்துக்கென்று மக்கள் வரிப்பணத்தில் சுமார் 5,400 கோடி டாலர் பயணிகள் விமான நிறுவனங்களுக்குப் போனது. வாங்கிக்கொண்டு மெயின்லைன்கள் செய்த முதல் வேலை, மூத்த விமானிகளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதே 2020-ல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு ரீஜனல்களும் மூடின. எக்ஸ்பிரஸ்ஜெட், காம்யூட்ஏர் இரண்டிலும் யுனைடெட்டுக்குப் பங்கு இருந்தது. ஒன்று போதும் என்று எக்ஸ்பிரஸ்ஜெட்டைக் கைகழுவியது. கூட்டம் திரும்பி வந்ததும் ஐயோ விமானி இல்லையே என்றார்கள். இருந்தவர்களை அனுப்பிவிட்டு இல்லையே என்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

2022 ஜூனில் அதிசயம் நடந்தது. என்வாயும் பீட்மான்டும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். இருபது ஆண்டு முடியவே முடியாது, கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடும், சின்ன ஊர்களுக்கு விமானமே போகாது என்று சத்தியம் செய்தவர்கள் கொடுத்தார்கள். கம்பெனி மூழ்கவில்லை. பணம் எப்போதும் இருந்தது. அந்த 90-ல் ஒரு பகுதி தற்காலிக ஊக்கத்தொகை, 2024 ஆகஸ்ட் வரை என்று காலாவதித் தேதியும் போட்டார்கள். மனிதருக்கு மரியாதை கொடுக்கும்போதும் கடைசித் தேதி அச்சடிக்கும் பழக்கம் போகவில்லை.

சின்ன ஊர் பாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடும்போதெல்லாம் முதல் பத்தியில் சின்ன ஊர் பாட்டியும் அவள் ஆஸ்பத்திரிப் பயணமும் வந்துவிடும். லாபம் வந்த ஆண்டுகளில் அந்தப் பாட்டி எங்கே போனாள் என்று தெரியவில்லை. 2022-ல் ரிபப்ளிக் தன் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு 750 மணி நேரம் போதும் என்று விதிவிலக்கு கேட்டது. அரசுத் துறை மறுத்தது. ஸ்கைவெஸ்ட் என்ற ரீஜனல் இன்னும் கெட்டி. ஐம்பது இருக்கை ஜெட்டில் இருபது இருக்கையைக் கழற்றிவிட்டால் முப்பது. முப்பது இருக்கை என்றால் வாடகை விமானச் சட்டத்தின் கீழ் போகலாம். அதில் துணை விமானிக்கு 1,500 தேவையில்லை. அதே விமானம், அதே வானம், அதே பனி. ஸ்பேனர் எடுத்து இருபது நாற்காலியைக் கழற்றியதும் அனுபவம் தேவையற்றதாகிவிட்டது. ஆல்பா இதை எதிர்க்கிறது. எதிர்ப்பது சரி. கூடவே, ஆள் குறைந்தால் இருப்பவர் விலை கூடும் என்ற கணக்கும் அந்தச் சங்கத்துக்குத் தெரியாததில்லை.

நாற்காலி கழற்றுவதில் மெயின்லைன் முன்னோடி. யுனைடெட் 2019-ல் ஒரு புதுமையை அறிமுகப்படுத்தியது. எழுபது இருக்கை ஜெட்டை எடுத்து, இருபதைக் கழற்றி ஐம்பதாக்கியது. காலியான இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரிகள், நீங்களே எடுத்துச் சாப்பிடும் தின்பண்ட மேசை. பயணியின் வசதிக்காக என்று பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்தார்கள். எழுபது இருக்கை விமானங்களுக்கு ஸ்கோப்பில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, ஐம்பதுக்கு இடம் இருந்தது, விஷயம் அவ்வளவுதான். இன்னொரு பக்கம், விமானம் கட்டும் எம்ப்ரேயர் குறைந்த எரிபொருளில் ஓடும் புதிய 175 ஜெட்டை வடிவமைத்தது. இன்ஜின் பெரிது, எடை 44 டன்னைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் 39 டன். மூன்று பெரிய நிறுவனங்களுக்காக எந்த ரீஜனலும் அதை ஓட்ட முடியாது. திட்டம் முடங்கிக் கிடக்கிறது. மிட்சுபிஷி ஜப்பானில் கட்டிய புதிய ஜெட்டுக்கு ஆயிரம் சிக்கல். அவற்றில் ஒன்று இதே எடைக்கட்டு. 2023-ல் அந்தத் திட்டத்துக்கே மங்களம் பாடிவிட்டார்கள். ஆக, பழைய இன்ஜின் அதிக எரிபொருள் குடித்துக்கொண்டு பறக்கிறது. 2050-க்குள் நிகரக் கார்பன் உமிழ்வு பூஜ்யம் என்று மூன்று மெயின்லைன்களும் சபதம் எடுத்திருக்கின்றன.

ஒரு சின்ன ஏற்பாட்டில் இத்தனையும் தீரும். ஒரு பெயின்ட் அடித்த விமானம் எல்லாவற்றுக்கும் ஒரே சீனியாரிட்டிப் பட்டியல். ஐம்பது இருக்கையோ முந்நூறு இருக்கையோ, கீழிருந்து ஏறி மேலே போகட்டும். சின்ன விமானத்துக்குச் சின்னச் சம்பளம் இருக்கலாம், ஆனால் அந்த வருடங்கள் அவர் கணக்கில் நிற்கும். நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது, ஏனென்றால் மோதவிட ஆள் இருக்காது. மெயின்லைன் யூனியன் ஒப்புக்கொள்ளாது, ஏனென்றால் அந்தப் பட்டியலில் எவர் எங்கே நிற்பது என்று பேசத் தொடங்கினால் மேலே இருப்பவர் யாரும் ஓர் இடம்கூட இறங்கச் சம்மதிக்க மாட்டார். ரீஜனல் விமானிகளிலேயே பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாளை மெயின்லைனுக்குப் போனதும் அவர்களும் ஸ்கோப் பிரிவுக்குக் கை தூக்க வேண்டியவர்கள். ஏணியில் ஏறியவன் ஏணியை இழுத்துக்கொள்ளும் தொழிலில் ஏறாதவனும் அதையே கனவு காண்கிறான்.

இப்போது எல்லோரும் அந்த 90 டாலருக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். நிர்வாகம் தன் தாராளம் என்கிறது. சங்கம் தன் பேரத் திறமை என்கிறது. பொருளாதார நிபுணர் சந்தையின் மகிமை என்கிறார். இந்த மூவரும் 1993 முதல் 2013 வரை இதே தொழிலில் இருந்தார்கள். தாராளமும் இருந்தது, திறமையும் இருந்தது, சந்தையும் இருந்தது. சம்பளம் இருபது டாலர் சொச்சத்தைத் தாண்டவில்லை. அதை உயர்த்தியது, பஃபலோ பக்கம் ஒரு வீட்டின் மேல் விழுந்த விமானமும், அதற்காகத் தெருவில் இறங்கிய குடும்பங்கள் எழுத வைத்த சட்டமும். அந்தச் சட்டத்தில்தான் 2022-ல் பாதி மணி நேரத்தைத் தள்ளுபடி கேட்டார்கள். 1,500-ல் 750. ஐம்பது உயிருக்கு வாங்கிய பொருளை ஐம்பது சதவீதக் கழிவில் கேட்டார்கள்.